வெள்ளி மூடி ஸ்பீக்கர்

காலை பத்தே கால். முதலில் கண்ணில் பட்டது, முதுகுப் பலகை கழற்றப்பட்டுக் குப்புறக் கிடந்த அப்பாவின் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பெட்டி. உள்ளே இரண்டு ஸ்பீக்கர்களும் கிழிந்திருந்தன. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த ரிப்பேர் கடை அது. அப்பாவோடு போயிருந்த எனக்குப் பதினோரு வயது.

மறுநாள் ஈஸ்டர். எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் அப்பாதான் கிட்டார். சில மாதங்களாக அவர் வாசிப்பு காதைக் குத்துகிறது என்று பேச்சு. இந்த முறையும் அப்படியே இருந்தால் இனிமேல் கீபோர்டு மட்டும் போதும் என்று குழுத் தலைவர் மிகுந்த மரியாதையோடு சொல்லியிருந்தார். குற்றம் ஸ்பீக்கருடையது என்று அப்பா முடிவு கட்டியிருந்தார்.

கடைக்காரர் இரண்டு ஜோடி புது ஸ்பீக்கர் எடுத்து வைத்தார். ஒரு ஜோடி முழுக் கறுப்பு. மற்றதன் நடுவில் வெள்ளி நிற மூடி. சின்ன பேட்டரியை ஒவ்வொன்றின் முனையிலும் தொட்டார். காகிதக் கூம்பு, தூக்கத்தில் மூச்சு இழுப்பதுபோல் மெல்ல எழும்பி நின்றது.

"ரெண்டும் ஒரே பக்கம் எந்திரிக்கோணும் அம்மணி. இல்லீன்னா ஒண்ணோட சத்தத்தை இன்னொண்ணு தின்னுபோடும்."

கறுப்பு ஜோடியை மாட்டி அப்பா வாசித்தபோது கிட்டார், மத்தியானத் தூக்கத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல் மிதந்து வந்தது. எனக்குக் கண் சொக்கியது. அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

"போர்வைக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்குதுங்க."

வெள்ளி மூடி ஜோடியை மாட்டியதும் நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"குத்துதுங்கப்பா."

"குத்துதா? இப்பத்தானே கண்ணு எழுத்தெழுத்தாக் கேக்குது."

"அதுல ஒண்ணு, இதுல ஒண்ணு போட்டுக் கலந்துக்கலாங்க" என்றார் கடைக்காரர். அப்பா சம்மதிக்கவில்லை. வெள்ளி மூடியையே இரண்டும் போடச் சொல்லிவிட்டு, கிட்டாருக்குத் தந்தி வாங்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் கெஞ்சினேன்.

"ஒண்ணை மட்டும் மாத்திருங்ணா."

"உங்கப்பா கண்டுபுடிச்சா?"

"நான் சொல்லிக்கறேன்."

கடைக்காரர் ஒரு வெள்ளி மூடி ஸ்பீக்கரைக் கழற்றிக் கறுப்பு ஒன்றை மாட்டினார். பேட்டரியை வைத்து மறுபடி சரிபார்த்துப் பலகையை மூடினார். அப்பா திரும்பி வந்து ஈஸ்டர் பாட்டு ஒன்றை முழுவதும் வாசித்தார். கூர்மை மழுங்கி, சத்தம் சந்து வரைக்கும் இதமாகப் பரவியது.

"எப்படி கண்ணு?"

"அதேதாங்கப்பா."

"அதேதான்" என்று அவரும் தலையாட்டினார். கடைக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஈஸ்டர் ஆராதனையில் யாரும் காதைப் பொத்தவில்லை. குழுத் தலைவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தியா, ரெண்டும் வெள்ளி மூடி போட்டதுதான் சரி" என்றார் அப்பா, ஸ்கூட்டரில் வரும்போது. அவரையே ஏமாற்றிவிட்டேன் என்ற பெருமையில் வீடு வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன்.

அப்பா அப்போது பதினெட்டு வருடங்களாக ஒரு நூற்பாலையில் ஓயாமல் இரையும் இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் காதில் பஞ்சுகூட வைத்துக்கொள்வதில்லை.