ஒரு பக்கம் மட்டும் சுற்றும் மோட்டார்

நேற்று மாலை மகள் சாப்பாட்டு மேசையில் ரிமோட் கார் செய்துகொண்டிருந்தாள். இப்போது எல்லாமே பார்சலில் வந்துவிடுகிறது. மோட்டார், சக்கரம், போனிலிருந்தே ஓட்ட ஒரு சின்ன சர்க்யூட் பலகை. ஈயம் பற்றவைக்கும் புகை மூக்கில் ஏறியதும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டாள். காரணம் வேறு.

அப்பா துபாயில் இருந்தார். கடிதம் எழுதச் சோம்பல். கேசட்டில் பேசி, லீவில் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். கேரள எல்லையில், எங்கள் பாறசாலைப் பக்கம் அன்று பல வீடுகளில் இதுதான் கடிதம். கேட்டு முடித்ததும் அவர் பேச்சின் மேலேயே எங்கள் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். இன்னொரு கேசட் வாங்குவது அம்மாவுக்கு வீண்செலவு.

கடைசியாக வந்ததில் என்னிடம் சொன்னார்: "எலே மக்கா, கிறிஸ்மசுக்கு வரும்போ ரிமோட் காரு கொண்டு வாறேன், கேட்டியா."

கிறிஸ்மசுக்கு நான்கு மாதம் இருந்தது. எனக்குப் பொறுமை கிடையாது. இன்றைக்கும் பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்க முடியாத ஆள் நான். பழைய ரப்பர் செருப்பில் சக்கரம் வெட்டினேன். அச்சுக்கு சைக்கிள் கம்பி. சோப்பு டப்பாவில் சுவிட்ச் வைத்து, ஐந்தடி வயர் இழுத்து, அதற்கு ரிமோட் என்று பெயரும் வைத்தேன். காரின் பின்னாலேயே நானும் ஓட வேண்டும், அது வேறு விஷயம். மோட்டார்தான் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சர்ச்சுக்குப் போன நேரத்தில் டேப் ரிக்கார்டரைத் திறந்தேன்.

கார் ஓடியது. ஆனால் முன்னால் மட்டும். அந்த மோட்டார் ஒரு பக்கம்தான் சுற்றும். உள்ளே இருந்த குட்டிப் பலகைதான் தடுக்கிறது என்று கண்டுபிடித்து, அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வயரை நேராகப் பற்றவைத்தேன். பின்னாலும் ஓடியது! அன்றைக்கு நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் என்னைவிடப் பெரிய இன்ஜினியர் இல்லை. மோட்டாரின் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பதே அந்தப் பலகைதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வாரமே, துபாய்க்குத் திரும்பும் மாமா ஒருவர் பதில் கேசட் வாங்க வந்தார். டேப் ரிக்கார்டர் பிரிந்து கிடந்தது. "அடுத்து போற ஆளுட்ட குடுத்துவிடுதோம்," என்றாள் அம்மா. அவர் வெறுங்கையோடு போனார். கார் சிவப்பாக இருக்க வேண்டும் என்று அந்தப் பதிலில் சொல்வதாக இருந்தேன்.

மோட்டாரைத் திரும்ப மாட்டிக் கேசட்டைப் போட்டபோது அப்பாவின் குரல் கீச்சுக்கீச்சென்று ஓடியது. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "உனக்க அப்பாவுக்கு பஸ்ஸு பிடிக்க நேரமாச்சு போல. நாளைக்கு உதியன்குளங்கரை கடையில குடுத்து செரியாக்குவோம்."

மறுநாள் காலையில் போன் வந்தது. வேலை செய்யும் இடத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. உடலோடு அவருடைய சூட்கேசும் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. எல்லோரும் அவரைச் சுற்றி அழுதுகொண்டிருந்தபோது, நான் அந்தச் சூட்கேசுக்குள் கைவிட்டு ரிமோட் காரைத் தேடினேன். சட்டைகள்தான் இருந்தன.

நாங்கள் பதில் பதியாததால் அவர் குரல் மட்டும் கேசட்டில் மிஞ்சியிருந்தது. அடக்கம் முடிந்த வாரத்தில், கீச்சுக்குரலாவது கேட்கட்டும் என்று அம்மா அதைப் போட்டாள். மோட்டார் வெறிபிடித்துச் சுற்றியது. நாடா சிக்கிச் சுருண்டு, கசங்கி, துண்டு துண்டாக அறுந்தது. உதியன்குளங்கரை மெக்கானிக் பார்த்துவிட்டு மலையாளத்தில் சொன்னார்: "மோட்டோர் மாற்றாம். டேப் போயி." மோட்டாரை மாற்றிவிடலாம், நாடா போனது போனதுதான்.

அவரை நான் கொல்லவில்லை, தெரியும். ஆனால் அந்தக் குரலைக் கொன்றது நான்தான்.

நேற்று கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து மகளிடம் இதில் பாதியைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "தாத்தா எப்பிடிப்பா பேசுவாரு?"

"எலே மக்கா, ரிமோட் காரு கொண்டு வாறேன்," என்று பேசிக் காட்டினேன். வந்தது கீச்சுக்குரல். எனக்கு அதுதான் வருகிறது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள். "அவரு அப்பிடி பேசமாட்டாரு. நின்னு நின்னு ஆக்கும் பேசுவாரு."

"எப்பிடிம்மா? ஒருக்க பேசிக் காட்டு," என்றேன்.

அம்மா வாயைத் திறந்தாள். "எலே..." என்று தொடங்கி, கரண்டியை மேசையில் வைத்தாள்.

"ஓர்மைக்கு வரல்ல மக்கா," என்றாள்.