அவர் கேட்ட ஒரு துண்டு

என் கணவருக்கு இனிப்பென்றால் உயிர். பேச்சுக்குச் சொல்லவில்லை. கலியாணம் பேசி வந்த அன்று, பெண்ணைப் பார்த்ததைவிடத் தட்டத்தில் இருந்த பயற்றம் பணியாரத்தைத்தான் மாப்பிள்ளை கூடப் பார்த்தார் என்று என் தாயார் சாகும்வரை சொல்லிச் சிரித்தார். வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வகுப்பில் ஒரு கணக்குப் பிழைத்தால் உறுமுகிற மனிதர், வீட்டில் சீனிப் போத்தலின் மூடியைச் சத்தம் கேளாமல் திறக்கப் பழகி வைத்திருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் எனக்கு அவர்தான் பிள்ளையும். அதட்டுவது, ஒளிப்பது, கண்டுபிடிப்பது, பிறகு பாவம் பார்ப்பது எல்லாம் அவரோடுதான்.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் அவருக்குச் சலரோகம், அந்த நீரிழிவு வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். விழுங்கக் குளிசை தந்து, இனிப்பைத் தொடக்கூடாது என்றார்கள். அவர் பெரிய மனிதர் போலத் தலையாட்டிவிட்டு வந்தார். தொட்டார். பின்னேர ஜெபத்தில் "இந்த இச்சையை என்னட்டையிருந்து எடுத்துப்போடும், ஆண்டவரே" என்று உருக்கமாகக் கேட்பார். ஆமென் சொல்லிக் கால்மணி நேரமாகாது, குசினிக்குள் கரண்டிச் சத்தம் கேட்கும். எனக்குச் சிரிப்பும் வரும், நெஞ்சுக்குள் பயமும் வரும். அவருடைய தமையனுக்கும் இதே வருத்தம். முதலில் பெருவிரல், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று வெட்டி, ஒரு வருடத்துக்குள் ஆளே போய்விட்டார். அந்தக் கட்டுப்போட்ட காலை நான் பார்த்திருக்கிறேன். என்னுடைய ஆளை அப்படிப் பார்க்க என்னால் முடியாது என்று அன்றைக்கே முடிவெடுத்திருந்தேன்.

தொண்ணூறுக்குப் பிறகு யுத்தத்தில் பாதை பூட்டி, மின்சாரம் போய், சாமான்கள் வராமல் நின்றபோது சீனியும் காணாமல் போனது. ஊரெல்லாம் அதற்காக அழ, நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு நாளைக்கு? பனை நிற்கிற ஊரில் இனிப்புக்கா பஞ்சம்? எல்லோரும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினார்கள். நானும் சின்ன ஓலைக் குட்டானில் பனங்கட்டி வாங்கி வைத்தேன்.

"உது சீனியில்லைத்தானே. பனையிலையிருந்து வாறது. மருந்து மாதிரி" என்றார் அவர்.

"ஓம், மருந்துதான். உங்கடை தமையனுக்கும் அந்த மருந்துதான் வேலை செய்தது" என்றேன். எனக்கு நாக்கு நீளம். இன்றைக்கும் குறையவில்லை.

குட்டானை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். கண்டுபிடித்தார். தையல் மெசின் லாச்சிக்குள் வைத்தேன், அதையும் கண்டுபிடித்தார். கடைசியில் என்னுடைய சேலைப் பெட்டகத்தின் அடியில் வைத்தேன். அந்தக் கிழமையே அவருடைய சேட்டுப் பொக்கற்றில் எறும்பு வரிசை கட்டிப் போனது. அந்த நாட்களில் குளிசையும் கிடைக்கவில்லை. ஊர் மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த அப்போத்திக்கரி கையை விரித்துவிட்டார். அவருடைய இடது காலில் செருப்பு வெட்டின இடத்தில் ஒரு புண், மூன்று கிழமையாக மாறாமல் கிடந்தது. பொக்கற்றில் எறும்பைக் கண்டதும் எனக்குப் பிடித்த கோபத்தில் சேட்டை அவர் மடியில் எறிந்தேன்.

"உங்களுக்கு நானும் தேவையில்லை, ஆண்டவரும் தேவையில்லை. பனங்கட்டியோடையே குடும்பம் நடத்துங்கோ!"

அவர் சேட்டை மடித்துக்கொண்டே இருந்தார். கிழவனின் கண் கலங்கியதைக் கண்டபிறகுதான் நான் எறிந்த சொல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று விளங்கியது.

இரண்டு நாள் கழித்து, உபவாச காலமான லெந்து தொடங்குகிற புதன்கிழமை, விடியற்காலையில் என்னைக் கூப்பிட்டுத் தனக்குப் பக்கத்தில் முழந்தாளிடச் சொன்னார். ஜெபம் நீளம் இல்லை. "ஆண்டவரே, எனக்குப் பெலன் காணாது. இவவின்ரை கையாலை தராத ஒண்டையும் இனி நான் வாயிலை வையன். இது பொருத்தனை." எழும்பி முழங்காலைத் தட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "இனி ஒளிச்சு வைச்சுக் கஷ்டப்படாதையும். பெட்டகத்துக்கை கிடக்கிறது எனக்குத் தெரியும். எடுத்து மேசைக்குப் பக்கத்திலை இருக்கிற சுவர்த்தட்டிலை வையும். நான் தொடன்."

வைத்தேன். அவர் சாப்பிட உட்காருகிற கதிரையிலிருந்து கையை நீட்டினால் எட்டுகிற தட்டு அது. அன்றிலிருந்து கடைசிவரை அவர் அதைத் தொடவில்லை.

குறிஞ்சா இலையைச் சொல்லித் தந்தது சுன்னாகம் சந்தையில் கீரை விற்ற ஒரு மனுசி. "அம்மா, சிறுகுறிஞ்சா இலை ரண்டைச் சப்பக் குடுங்கோ. பேந்து தேனை ஊத்தினாலும் நாக்குக்குத் தெரியாது" என்றாள். எங்கள் பின்வேலியிலேயே அந்தக் கொடி படர்ந்து கிடந்தது. இரண்டு இலையைக் கழுவிச் சப்பக் கொடுத்து, சோதனைக்காக என் கையாலேயே பனங்கட்டியில் ஒரு பொட்டுக் கிள்ளி அவர் நாக்கில் வைத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"மண் தின்னுற மாதிரிக் கிடக்கு!"

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தோம். சேட்டை எறிந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

காலையில் வெந்தயம் ஊறின தண்ணீர், பத்து மணிக்குப் பாவற்காய்ச் சாறு, பின்னேரம் ஆவாரம்பூ அவித்த தண்ணீர், இரவில் குரக்கன் பிட்டும் குறிஞ்சா வறையும். முகம் சுளிப்பார், குடிப்பார். ஆனால் முதல் இரண்டு கிழமையும் நரகம். நாலு மணியானால் ஆசை வந்துவிடும். மனிதருக்குக் கை நடுங்கும், நெற்றி வேர்க்கும், சின்னப் பிள்ளை மாதிரி எரிந்து விழுவார். "இஞ்சேரும், ஒரே ஒரு துண்டு தாரும். கடுகளவு" என்று கெஞ்சுவார். நான் கொடுக்கமாட்டேன். இலையைக் கொடுத்துச் சப்ப வைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணுவேன். கால்மணி, அரைமணியில் அது இறங்கிப் போகும். பிறகு வெட்கத்தோடு சிரித்து, "நல்லகாலம் நீர் தரேல்லை" என்பார். ஒவ்வொரு முறையும் சொல்வார். அந்தச் சொல்தான் எனக்குப் பெலன்.

மூன்றாம் கிழமைக்குப் பிறகு நாலு மணி வந்து போனதே தெரியவில்லை. காலில் புண் காய்ந்து தோல் மூடியது. அப்போத்திக்கரி சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு காய்ச்சிப் பார்த்தார். வழக்கமாகச் சீனியைக் காட்டிச் செங்கல் நிறத்துக்கு மாறுகிற தண்ணீர், நீலமாகவே நின்றது. வருகிற வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு இருவரும் பாட்டுப் படித்தோம். எனக்கு அவ்வளவு பெருமை. ஆண்டவருக்கு மகிமை என்று வாயால் சொன்னேனே தவிர, பாதி மகிமையை நான் எனக்கு எடுத்து வைத்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை மருந்தகத்துக்குக் குளிசை வந்து சேர்ந்தது. நான்தான் போய் வாங்கினேன். அப்போத்திக்கரி பழைய அளவையே எழுதித் தந்துவிட்டுக் கேட்டார்: "அம்மா, இடையிலை வேறை மருந்து ஏதும் குடுத்தனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. பாவற்காயும் கீரையும் மருந்தென்று எனக்குத் தோன்றவில்லை. கறி வைக்கிற சாமானை டொக்டரிடம் யார் ஒப்புவிப்பார்கள்? அதோடு, சொன்னால் உதெல்லாம் பட்டிக்காட்டு வேலை என்று பேசுவாரோ என்று ஒரு கூச்சமும் இருந்தது. வீட்டுக்கு வந்து, குளிசையும் இலையும் சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே என்று இரண்டையும் கொடுத்தேன். இவ்வளவுதான் என் அறிவு.

பெரிய வெள்ளியன்று இரண்டு பேரும் உபவாசம். காலையில் குளிசையும் பாவற்காய்ச் சாறும் மட்டும் குடித்தார். வெறுவயிற்றில் குடிக்கலாமோ என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை தேவாலயத்தில் இருந்தோம். சிலுவையில் தாகம் என்று கேட்டவருக்குக் காடி கொடுத்ததைப் பற்றிப் போதகர் பேசினார். அந்த இடத்தில் நான் லேஞ்சியால் கண்ணைத் துடைத்ததும் நினைவிருக்கிறது. பிறகு சித்திரை வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தோம்.

எனக்குத் தலை இடித்தது. ஆராதனை முடிந்ததுதானே என்று நான் உபவாசத்தை விட்டுவிட்டேன். அவர் பொழுதுபடும்வரை இருப்பேன் என்று பிடிவாதமாகச் சொல்லி, மேசைக்குப் பக்கத்தில் தன்னுடைய கதிரையில் சாய்ந்தார். அவருக்கு முன்னால் குடிக்கக் கூடாதென்று, தட்டிலிருந்த குட்டானில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். அப்போதுதான் கூப்பிட்டார்.

"இஞ்சேரும். எனக்கு ஒரு துண்டு தாரும்."

நான் வாசலுக்கு வந்தேன். நெற்றியில் வேர்வை. கை நடுங்கியது. மணி நாலு.

"என்ன இது? உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் ரண்டே நாள். இவ்வளவு நாளும் இருந்துபோட்டு, பெரிய வெள்ளியண்டு விழப்போறியளோ?"

"உது வேறை மாதிரிக் கிடக்கு. கண் இருட்டுது. ஒரு துண்டு…"

"முந்தியும் இப்பிடித்தான் சொன்னனீங்கள்."

சொல்லும்போது என் கொடுப்புக்குள் பனங்கட்டி கரைந்துகொண்டிருந்தது. அதை நாக்கால் ஒதுக்கிவிட்டுத்தான் இந்த உபதேசத்தைச் செய்தேன். எத்தனை தரம் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாலும், இந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் எனக்கு வாய் கூசுகிறது.

அவர் தட்டைத் திரும்பிப் பார்த்தார். குட்டான் திறந்தபடி இருந்தது. கையை நீட்டவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் பின்வேலிக்குப் போய் இரண்டு இலை பறித்து வந்து கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் வாங்கிச் சப்பினார். கையைப் பிடித்தேன். பச்சைத் தண்ணீரில் வைத்த கைபோல் குளிர்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இந்தச் சோதனையிலிருந்து இவரைக் காப்பாற்றும் என்று நீளமாக, வடிவாக ஜெபித்தேன். அவர் ஆமென் சொல்வார் என்று காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. கண் திறந்தபோது அவர் தலை தோளில் சரிந்திருந்தது.

உலுப்பினேன். கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என் அலறலில் ஓடிவந்து, பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்போத்திக்கரியிடம் பறந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், கேட்டாரே, கேட்டதைக் கொடுப்போம் என்று குட்டானிலிருந்து ஒரு துண்டு எடுத்து அவர் வாய்க்குள் வைத்தேன். "இந்தாங்கோ, தாறன், என்ரை கையாலை தாறன், தின்னுங்கோ" என்றேன். பல் கிட்டியிருந்தது. கரைந்த கொஞ்சமும் கடைவாயால் வழிந்தது.

அப்போத்திக்கரி வந்து கண்ணை விரித்துப் பார்த்தார். என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று கேட்டார். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். இலை, சாறு, அவித்த தண்ணீர், உபவாசம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"ரத்தத்திலை சீனி கூடினதில்லை அம்மா, குறைஞ்சுபோச்சு. இனிப்பு ஏதும் கேட்டவரோ?"

"ஓம்."

அவர் நல்ல மனிதர். அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிட்டார். மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு கார் கிடைக்கும்போது பொழுதுபட்டுவிட்டது. பெரிய வைத்தியசாலையில் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். செய்யக்கூடிய எல்லாம் செய்தார்கள். கண் திறக்கவில்லை. சனிக்கிழமை விடியப் போய்விட்டார். உயிர்த்த ஞாயிறன்று, எல்லோரும் வெள்ளை உடுத்து வந்த தேவாலயத்திலிருந்துதான் அவரை எடுத்துக்கொண்டு போனோம்.

சில மாதம் கழித்து, தேவாலயத்து மாதர் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கேட்டார்கள். இனிப்பின்மேல் இருந்த ஆசையை ஜெபத்தாலும் இலை மருந்தாலும் அவர் எப்படி வென்றார் என்று சொன்னால் மற்றவர்களுக்குப் பிரயோசனமாக இருக்குமாம். எழும்பி நின்று சொன்னேன். ஒளித்த குட்டான், எறும்பு, பொருத்தனை, குறிஞ்சா இலை, நீலமாக நின்ற தண்ணீர் எல்லாம் சொன்னேன். சிரித்தார்கள், ஸ்தோத்திரம் சொன்னார்கள். இரண்டு பேர் இலையின் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவர்களிடம் மட்டும், கூட்டம் முடிந்தபின் தனியாக, மருந்து குடிக்கிற ஆட்களானால் டொக்டரிடம் சொல்லாமல் சப்ப வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. அந்த மிச்சத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

அவர் வென்றார் என்பது உண்மை. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் பனங்கட்டி இருக்க, கண் இருட்டிக்கொண்டு வர, என்னிடம் சொன்ன சொல்லுக்காக அதைத் தொடாமல் இருந்தார். அவரைவிட யாரும் ஆசையை வென்றதை நான் காணவில்லை. ஆசைக்கும் தேவைக்கும் வித்தியாசம் தெரியாமல் தோற்றது நான்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. கடைசியாக அவர் வாயில் நான் வைத்த துண்டை அவருடைய நாக்கு உணர்ந்திருக்குமோ என்று வெகுகாலம் யோசித்தேன். அந்த ஒரு இனிப்பையாவது என் கையால் வாங்கிக்கொண்டு போயிருப்பார் என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். அதுவும் முடியவில்லை. அதற்குச் சற்று முன்னர்தான் நான் அவருக்குக் குறிஞ்சா இலை கொடுத்திருந்தேன். உணர்ந்திருந்தாலும், அது அவருக்கு மண்ணாகத்தான் இருந்திருக்கும்.