தஞ்சோங் தொக்கோங் வீட்டுப் பல்செட்டு

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். செத்தவர்கள் வீட்டைக் காலி செய்து கொடுப்பதுதான் என் தொழில், புருஷன் போனதிலிருந்து இதில்தான் சாப்பிடுகிறேன். பினாங்கில் எத்தனையோ வீட்டுக் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டாயிற்று, எந்தப் பிணமும் வந்து என் கையைப் பிடித்ததில்லை. எழுத்து எனக்கு அவ்வளவாக வராது, ஆனால் என் வேலை சுத்தம். கருமாதி முடியாமல் எந்தத் தமிழர் வீட்டிலும் கை வைக்கமாட்டேன். கடைசியில் நாலு மூலையிலும் உப்புப் போட்டுக் கூட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன், அதற்குப் பிறகு அங்கே ஒரு தலைமயிர்கூடக் கிடக்காது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிழவி உளறுகிறாள் என்பீர்கள்.

தஞ்சோங் தொக்கோங்கில் கடலைப் பார்த்த வீடு. பகலில் வந்து போகிற வேலைக்காரப் பெண்ணை நம்பி அங்கே தனியாக இருந்த ஒரு அம்மா இறந்துபோனார். கருமாதிக்கு மறுநாள் காலி செய்யச் சொல்லி அவர் மகன் கூப்பிட்டார். நல்ல உத்தியோகம், சட்டையெல்லாம் வாசனை. வீட்டை வாங்குகிறவர்கள் சாயந்திரம் சாவிக்கு வருகிறார்கள், அதற்குள் ஒரு துரும்பு இருக்கக்கூடாது என்றார். இருக்காது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

லோரி ஓட்டுகிற மாரியும் நானும் காலையிலேயே போனோம். கதவைத் திறந்ததும் நாற்றம் மூஞ்சியில் அறைந்தது. ஐஸ்பெட்டிதான். கரண்டை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள், உள்ளே இருப்பதை எடுக்கவில்லை. திறக்கலாம் என்றால் சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டிருந்தது. சோறு வைக்கிற பெட்டிக்கு எதற்குப் பூட்டு என்று மகனுக்குப் போன் போட்டேன்.

"அம்மாவுக்கு மறதி ஆண்டி. சாப்பிட்டதே தெரியாம மறுபடி மறுபடி சாப்பாடு கேப்பாங்க. அதான் பூட்டி வெச்சோம் லா."

பூட்டை உடைத்தோம். மீனெல்லாம் கூழாகிப் புழு நெளிந்தது. மீனை அள்ளுவதற்கு முன்னால் அந்தச் சங்கிலியைத்தான் தூக்கிக் குப்பையில் எறிந்தேன்.

பெட்டியைக் கழுவி லோரியில் ஏற்றிவிட்டுக் குளியலறைக்குப் போனால், ஒரு பிளாஸ்டிக் குவளையில் பழுப்புத் தண்ணீர், அதில் செத்த கரப்பான், அடியில் அந்த அம்மாவின் பல்செட்டு. வழவழவென்று இருந்தது. பல்லிடுக்கில் பச்சரிசி ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் பச்சரிசியே கிடையாது, அரிசி டின்னைக் காலி செய்தவள் நான், அதில் இருந்தது புழுங்கல். எலி வேலை என்று நினைத்துக் குப்பைப் பையில் போட்டேன். மாரி பையின் வாயைக் கட்டி லோரியில் ஏற்றினான்.

மத்தியானம் சமையலறையைத் துடைக்க வந்தேன். ஐஸ்பெட்டி நின்ற இடத்தில், வெறும் தரையில், பல்செட்டு. இந்தத் தடவை அரிசி முழுசாக இல்லை. மென்று மாவாகி, பால் மாதிரி தரையில் வழிந்திருந்தது.

மாரி விளையாடுகிறான் என்று நன்றாகத் திட்டினேன். அவன் என்னை லோரிக்குக் கூட்டிப்போனான். பை கட்டியது கட்டியபடி இருந்தது. நானே அவிழ்த்தேன். குவளை இருந்தது, பல்செட்டு இல்லை. நம்பினால் நம்புங்கள்.

"அக்கா, இது வாய்க்கரிசி மாதிரி இருக்கு," என்றான் மாரி. "நேத்து கருமாதியில காக்கா சோத்தத் தொடவே இல்லையாம், பக்கத்து வீட்ல சொன்னாங்க. நான் லோரியிலயே இருக்கேன்கா."

பிறகு அவன் உள்ளே வரவில்லை. எனக்கும் ஓடத்தான் தோன்றியது, ஆனால் கொடுத்த வாக்கு இருக்கிறதே. மகனைக் கூப்பிட்டு நேரில் வரச் சொன்னேன். வந்தார். அம்மாவை அவசரமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதில் பல்செட்டை மறந்துவிட்டார்களாம், எரிக்கும்போதும் நினைப்பு வரவில்லையாம். பல்லில்லாத வாயில்தான் எல்லோரும் அரிசி போட்டிருக்கிறார்கள்.

"தூக்கிப் போடுங்க ஆண்டி. இதுக்குப் போயா என்னைக் கூப்பிட்டீங்க?"

"இது உனக்கு மென்னு ஊட்டுன பல்லு இல்லப்பா, அது விழுந்தப்புறம் வாங்குனது. ஆனா உங்க அம்மா வாயில இருந்தது. சாம்பல் கரைச்ச கடல்லயே உன் கையால விட்டுடு."

டிசு பேப்பரில் சுற்றி, செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் போட்டுவிட்டு, வாங்குகிறவர்களுக்காக வாசலில் நின்றார். நான் நாலு மூலையிலும் உப்புப் போட்டுக் கூட்டினேன். வாங்குகிறவர்கள் வந்தார்கள், சாவியைக் கொடுத்தேன். வீட்டில் ஒன்றும் இல்லை. என் வாக்கு நின்றது.

திரும்பும் வழியில் அவர் கார் எங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தது. கடல் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடி இறங்கியது, வெள்ளையாக ஒரு பொட்டலம் சாக்கடையில் விழுந்தது.

"பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன். ஓட்டு."

அவ்வளவுதான் நடந்தது. நான் ஆக்குவதும் புழுங்கல்தான். அன்றைக்கு ராத்திரி அரிசி களைந்தபோது கடைசித் தண்ணீரில் ஒரு சிட்டிகை பச்சரிசி, மென்ற மாதிரி, எச்சில் நூலோடு. கடையை மாற்றினேன், டின்னை மாற்றினேன். இன்றைக்கும் வருகிறது. பெற்ற மகன் வீட்டுக்குப் போகாமல் என் பானைக்கு ஏன் வருகிறது, தெரியவில்லை. அவர் வீட்டிலும் வருகிறதா என்று கேட்க அந்த ஆளோடு பேசப் பிடிக்கவில்லை.

அருவருப்பாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. வழித்தெடுத்துப் பின்பக்கச் சுவரில் வைக்கிறேன். எங்கள் பக்கம் காக்காய்க்குக் குறைச்சலே இல்லை. எல்லாம் வந்து உட்கார்ந்து பார்க்கும். இதுவரை ஒன்றும் வாய் வைக்கவில்லை.