ஒரே ஒரு ஓட்டு

தேர்தலில் தோற்றவர் எவருக்கும் கடைசியாக ஓர் ஆறுதல் மிஞ்சும். ஊரே கைவிட்டாலும் தன் ஓட்டு தனக்கு விழுந்திருக்கும். அந்த ஓட்டும் விழாமல் தோற்றவர் ஒருவர் இருக்கிறார். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில், துணி தேய்க்கும் சுடும் உருளைக்கு முன்னால், படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இன்றும் நிற்கிறார். மறுமுனையைப் பிடிக்கிற ஆட்கள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

மாலைக் கல்லூரியில் அவருக்கு 'இஸ்திரி' என்று பெயர். கேலிதான், ஆனால் மரியாதையுள்ள கேலி. பகலெல்லாம் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் பிழிந்து உதறிய துணிபோல வந்து சேரும் வகுப்பில், மடிப்புக் கலையாத சட்டையோடு உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான். நேர்காணல், போட்டோ, அக்கா கல்யாணம் என்று யாருக்கு எது வந்தாலும், முதல் நாளே சட்டையைக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் திணிப்பார்கள். காசு வாங்கமாட்டார். ஆக, அவருக்கு நன்றிக்கடன் படாத முதுகு அந்த வகுப்பில் கிடையாது.

அவருக்கு ஒரே ஒரு சிக்கல். சலவைப் பிரிவில் ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் மாலை வேலை. எனவே பாதி வகுப்புக்குத்தான் வர முடியும். முக்கால்வாசி வந்தால்தான் பரீட்சை எழுதலாம் என்பது பல்கலைக்கழக விதி. முந்தின வருடம் பாடமெல்லாம் படித்துவிட்டு, பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவர்களின் சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பினார். இந்த வருடமும் எழுதாவிட்டால் பதிவே காலாவதி. பட்டம் வந்தால் அதே ஆஸ்பத்திரிக் கிடங்கு அலுவலகத்தில், ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி காத்திருந்தது. வராவிட்டால் உருளைதான்.

கல்லூரி முதல்வரிடம் போய்க் கேட்டார்.

"ஒரு காலேஜ் கேட்டா பல்கலைக்கழகம் காதுலயே வாங்காதுப்பா" என்றார் முதல்வர். "மாணவர் சங்கத்தோட தேசிய மாநாடு வருது பாரு. வேலை பாக்கற பசங்களுக்கு வருகைச் சலுகை வேணும்னு அங்க தீர்மானம் வரட்டும். அப்புறம் வாங்கித்தான் ஆகணும்."

மாநாட்டுக்கு மாலை வகுப்பிலிருந்து ஒரு பிரதிநிதி. இஸ்திரி நின்றார். பகலில் தபால்களைப் பிரிக்கும் வேலை பார்த்த நண்பர் முன்மொழிந்தார். மருந்துக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு பெண் வழிமொழிந்தாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. பொருளாதார ஆசிரியருக்குத்தான் மனசு ஆறவில்லை. "போட்டியே இல்லாம ஜெயிச்சா நல்லா இருக்காதுப்பா. பேருக்காவது ஒருத்தர் நில்லுங்க" என்றார். பேருக்கு நிற்க எழுந்தவன்தான் கைக்குட்டை.

கைக்குட்டையின் அப்பாவுக்கு மரக்கடை. பகலில் அங்கே உட்கார்ந்து பலகைகளை வெறித்துப் பார்ப்பதுதான் அவன் வேலை. சட்டைப் பையில் எப்போதும் நாலாக மடித்த கைக்குட்டை இருக்கும். கண் கலங்குவது அவனுக்குக் கைவந்த கலை. பஸ் போய்விட்டாலும் கலங்கும், பஸ் வந்துவிட்டாலும் கலங்கும். அந்தக் கைக்குட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததும் நம் ஆள்தான்.

தேர்தலுக்கு முந்தின நாள், சலவைப் பிரிவின் பின்வாசலில், அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே அவன் வந்து நின்றான்.

"அண்ணே, எல்லாரும் உங்களுக்குத்தான் போடுவாங்க. எனக்குத் தெரியும்."

"அதுக்கு ஏன்டா அழுவுறே?"

"அழலண்ணே. எனக்கு ஒரு ஓட்டுகூட விழாது. நானே எனக்குப் போட்டுக்கிட்டா, அந்த ஒண்ணு யாரோடதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். தனக்குத்தானே போட்டுக்கிட்டவன்னு காலம் பூரா சொல்லுவானுங்க. எங்க அப்பா வேற, எத்தனை விழுந்துச்சுன்னு கேப்பாரு."

"ரெண்டு விழுந்தா?"

"ரெண்டு விழுந்தா மானம் தப்பிச்சுதுண்ணே. அந்த ரெண்டாவது ஓட்டை யார்கிட்டக் கேக்கறது, சொல்லுங்க. மனசுன்னு ஒண்ணு உங்ககிட்டதான் இருக்கு. ஒரே ஒரு ஓட்டுண்ணே. உங்களுக்கு அது ஒரு கணக்கா?"

இஸ்திரி சிரித்தார். மொத்த வகுப்பும் தன் பக்கம் இருக்கையில் ஓர் ஓட்டு போவதால் என்ன ஆகிவிடும். யானை வாயிலிருந்து ஒரு பருக்கை சிந்தினால் யானைக்குக் குறைந்துவிடுமா? "சரி போ. போட்டுடறேன். மூக்கைத் துடை" என்றார். மூக்கைத் துடைத்த கைக்குட்டை, அவர் முந்தாநாள் தேய்த்துக் கொடுத்தது.

மறுநாள் மாலை ஓட்டுப் பதிவு. வகுப்பு முழுக்க வந்திருந்தது. பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் ஓட்டை போட்டுப் பெட்டியாக்கியிருந்தார்கள். இஸ்திரி எல்லாருக்கும் முன்பாகவே வந்து, சொன்ன சொல் தவறாமல் கைக்குட்டையின் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டார். மனதுக்குள் ஒரு பெருமிதம். ஜெயிக்கப்போகிறவனின் தாராளம் அது. ஜெயித்தபின் காட்டினால் செலவு குறையும் என்பது யாருக்கும் அப்போது தோன்றுவதில்லை.

பொருளாதார ஆசிரியர் டின்னைக் கவிழ்த்து எண்ணினார். முதல் சீட்டு கைக்குட்டைக்கு. வகுப்பில் ஒரு சிரிப்பு. இஸ்திரியும் சிரித்தார், அது தன் சீட்டாக இருக்கும் என்று. இரண்டாவதும் கைக்குட்டைக்கு. மூன்றாவதும். பத்தைத் தாண்டியபோது சிரிப்பு நின்றது. இருபதைத் தாண்டியபோது ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கடைசியில் ஒரு சீட்டு, இரண்டு பெயருக்கும் குறி போட்டது. அது செல்லாது என்று தனியே வைத்தார். மீதி அத்தனையும் கைக்குட்டைக்கு.

"இஸ்திரிக்கு..." என்று ஆரம்பித்த ஆசிரியர், நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

கைக்குட்டை ஒவ்வொருவரிடமும் காதும் காதும் வைத்தாற்போலப் போயிருக்கிறான். பஸ் நிறுத்தத்தில், மருந்துக் கடையில், தபால் மூட்டைகளுக்குப் பக்கத்தில். ஒவ்வொருவரிடமும் 'ஒரே ஒரு ஓட்டு'. ஒவ்வொருவரிடமும் 'மனசுன்னு ஒண்ணு உங்ககிட்டதான் இருக்கு'. மனசு அந்த வகுப்பில் இவ்வளவு மலிந்து கிடந்தது யாருக்கும் தெரியாது. இஸ்திரிதான் ஜெயிப்பார் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையிலேயே அத்தனை பேரும் அவரைக் கைவிட்டார்கள். நம்ப நட, நம்பி நடவாதே என்று பெரியவர்கள் சொன்னது இவரைப் பார்த்துத்தான் போலும்.

வாசலில் தபால்கார நண்பர் வந்து நின்றார்.

"நான் ஒருத்தன் மட்டும்தான்னு நெனச்சேன்டா."

"நீதானே என்னை முன்மொழிஞ்சே?"

"மொழிஞ்சேன். மொழிஞ்சதுலயே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே, ஓட்டு வேற எதுக்குன்னு..." அவருக்கே தன் வாக்கியம் பிடிக்காமல் நிறுத்திக்கொண்டார். "சரி, நீயாவது உனக்குப் போட்டிருக்கலாமில்ல?"

அதுதான் இஸ்திரிக்கு நேர்ந்த அநியாயத்திலேயே பெரிய அநியாயம். துரோகிகளைத் திட்டலாம் என்றால் வரிசையில் தானும் நிற்க வேண்டியிருந்தது. ரத்தக் கறையை வெந்நீரில் போடக் கூடாது, போட்டால் கறை துணியிலேயே தங்கிவிடும் என்பது சலவைக்காரரின் முதல் பாடம். ஆகவே அவர் சூடாகவில்லை. தீர்மானத்தைத் தன் கையெழுத்தில் எழுதி, கைக்குட்டையிடமே கொடுத்தார்.

"இதை மட்டும் அங்க படிச்சிடு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"உங்க பேரைச் சொல்லியே பேசறேண்ணே" என்று கண் கலங்கினான் கைக்குட்டை. அவன் மாநாட்டுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்ததும் அவர்தான்.

மாநாடு முடிந்து, தோளில் புதுப் பையோடு அவன் சலவைப் பிரிவுக்கு வந்தான். பையில் சங்கத்தின் சின்னம்.

"என்னடா ஆச்சு தீர்மானம்?"

"அதைத்தாண்ணே சொல்ல வந்தேன். உங்க தீர்மானம் ரொம்ப நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க."

"நிறைவேறிச்சா?"

"வாபஸ் வாங்கினேன்."

இஸ்திரி கையிலிருந்த விரிப்பை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணே, கேளுங்க. தீர்மானம் அதிகமாப் போச்சாம், நேரமில்லையாம். வாபஸ் வாங்கினா தேசியக் கமிட்டிக்கு நிக்க விடறோம்னாங்க. நிக்க விட்டாங்க. அங்க எனக்கு யாரைத் தெரியும்? ஒவ்வொருத்தரா போய், ஒரே ஒரு ஓட்டுன்னு..." கைக்குட்டை வெட்கத்தோடு சிரித்தான். "ஜெயிச்சிட்டேண்ணே. கமிட்டியில இருந்தா அடுத்த வருஷம் நானே கொண்டு வரலாமில்ல?"

"அடுத்த வருஷம் எனக்கு வருஷமே இல்லடா."

"அடடா" என்றான் கைக்குட்டை. கை சட்டைப் பைக்குள் போனது.

அந்த வருடமும் இஸ்திரி மண்டபத்துக்கு வெளியேதான் நின்றார். இம்முறை காலர்களைச் சரிசெய்யவில்லை. வகுப்பில் பெரும்பாலோர் தேறினார்கள். ஆஸ்பத்திரிக் கிடங்கு அலுவலகத்தில், ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலி, வழிமொழிந்த அந்த மருந்துக் கடைப் பெண்ணுக்குக் கிடைத்தது. வேலையில் சேர்ந்த அன்றே அவள் சலவைப் பிரிவுக்கு வந்தாள்.

"அந்தச் செல்லாத ஓட்டு என்னோடது" என்றாள். "அவன் அழுதான். உங்களையும் விட மனசில்லை. ரெண்டு பேருக்கும் போட்டேன்."

மொத்த வகுப்பிலும் பாதி மட்டும் துரோகம் செய்தவள் அவள் ஒருத்திதான். இஸ்திரிக்கு அதற்குமேல் யோக்கியமான ஆள் கிடைக்கவில்லை. கல்யாணம் செய்துகொண்டார். அந்த நாற்காலியின் சம்பளம் இப்போதும் அவர் வீட்டுக்குத்தான் வருகிறது. அவர் அதில் உட்கார்ந்ததில்லை. வீட்டில் சண்டை என்று வந்தால், "நானாவது பாதி போட்டேன், நீங்க உங்களுக்கே போடலை" என்பதோடு அது முடியும். அதற்குமேல் எந்த ஆண்மகனும் வாதாட முடியாது.

சென்ற மாதம் நகரசபைத் தேர்தல். சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் கைக்குட்டை. தலை நரைத்திருந்தது, பின்னால் ஒரு கூட்டம். சட்டைப் பையில் நாலாக மடித்த வெள்ளைத் துணி மட்டும் மாறவில்லை.

ஒரு நொடி உற்றுப் பார்த்த கைக்குட்டை, இஸ்திரியை இழுத்து அணைத்துக்கொண்டார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"யார் தெரியுமா இவரு? என் முதல் தேர்தல்ல என்னை எதிர்த்து நின்னவரு. நின்னுட்டு, எனக்கே ஓட்டுப் போட்டவரு. இந்த மாதிரி மனசு இருக்கறவங்களாலதான் நான் இன்னைக்கு இங்க நிக்கிறேன்."

கூட்டம் கை தட்டியது. யாரோ போட்டோ எடுத்தார்கள். இஸ்திரியின் தோளில் கை போட்டபடியே கைக்குட்டை கேட்டார்.

"அப்புறம் மேல என்ன படிச்சீங்கண்ணே?"

"பரீட்சை எழுதலை. வருகை போதலை."

"அடடா" என்றார் கைக்குட்டை. கண் உடனே கலங்கியது. உதவியாளர் பக்கம் திரும்பினார். "வேலை பாத்துக்கிட்டே படிக்கிற பசங்க கஷ்டம். இதுக்கு ஏதாவது பண்ணணும். குறிச்சுக்கப்பா." பிறகு குரலைத் தாழ்த்தி, இஸ்திரியின் காதருகே குனிந்தார். "இந்தத் தடவை நிலைமை அவ்வளவு சரியில்லண்ணே. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. ஒரே ஒரு ஓட்டு."

கூட்டம் அடுத்த வீட்டுக்குப் போனது. இஸ்திரி கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். மனைவி மறுநாள் அலுவலகத்துக்குப் போட வேண்டிய புடவையை மேஜையில் விரித்து வைத்திருந்தாள், அவர் தேய்ப்பதற்காக.

"அழுதானா?"

"ம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் இஸ்திரிப் பெட்டியின் சூட்டை ஈர விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சரின்னு சொல்லிட்டீங்களா?" என்றாள் அவள். புடவையின் ஓரத்தை இழுத்து நீவிவிட்டு, "சரி, கொசுவத்தை முதல்ல தேயுங்க" என்றாள்.