கத்தாமல் நின்ற கோல்கீப்பர்

கோல்கீப்பர் காலில் கட்டும் தடித்த பேடில் ஒரு வார் அறுந்துவிட்டிருந்தது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், காலியான துணி வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அதைத் தைத்துக்கொண்டிருந்தாள் அண்ணி. கோணி ஊசி உள்ளே போக மறுத்தது. ஊசியின் பின்பக்கத்தை உலர்த்தும் இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, பேடை அதன்மேல் அழுத்தி ஏற்றினாள். கையில் குத்திக்கொள்ளவில்லை. குத்திக்கொண்டிருந்தால் மருந்து போட்டிருப்பேன், அவ்வளவுதான்.

எங்கள் மருத்துவமனைப் பெண்கள் ஹாக்கி அணியில் எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். முறைப்படி அவள் ஒருத்திக்குத்தான் அண்ணி. நடுக்களத்தில் ஆடும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு. அந்தப் பெண்ணைப் பம்பரம் என்போம். அவளும் சலவைக்கூடத்தில்தான் வேலை. நாத்தனார் பந்தைத் தொலைத்தால் அண்ணி கோல் வாங்க வேண்டும். நாத்தனார் கொடுமை, நடுவர் வைத்து, ஊர் பார்க்க நடப்பது எங்கள் அணியில் மட்டும்தான்.

வார்டில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து ஓய்வு பெற்றவள் நான். ஐஸ் பையோடும் கட்டுத் துணியோடும் ஆட்டத்தின்போது ஓரத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தேன். மற்ற நாட்களில் சலவைக்கூடத்துக்கும் வந்துபோவேன்.

அண்ணிக்குக் கல்யாணத்துக்கு முன் ஹாக்கி தெரியாது. லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு அறை வீட்டுக்கு வந்தாள். அங்கே அவன் தங்கை, பள்ளிக்கூடம் போகும் சின்னப் பெண், சுருட்டிய காலுறையைத் துடைப்பக் கம்பால் உருட்டிக்கொண்டு வீட்டையே சுற்றி வந்துகொண்டிருந்தாள். தாய் இல்லாத பெண். தலை வாரிவிடுவது, பாடம் கேட்பது, அதட்டுவது எல்லாம் அண்ணியின் தலையில் விழுந்தது. அதட்டுவதில் குறை வைக்கவில்லை. பிறகு சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. மாடியிலிருந்து குழாய் வழியே சறுக்கி வரும் அழுக்குத் துணி மூட்டைகளை அவள் ஒன்றுகூடத் தவறவிடாமல் பிடித்துப் போடுவதை ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருநாள் பார்த்தார். அவர்தான் எங்கள் பயிற்சியாளர். அந்த வாரமே அவளைக் கோலில் நிறுத்தினார்.

வார் தைத்துக்கொண்டிருந்த அன்றும் டிரைவர்தான் வந்தார். முகம் சரியில்லை.

"ஏம்மா, உன் நாத்தனார என்ன பண்ணலாம்?"

"வீட்லயா, கிரவுண்ட்லயாண்ணே?"

"கிரவுண்ட்ல."

"வீட்ல நான் பாத்துக்கறேன். கிரவுண்ட்ல நீங்க பாருங்க."

"உக்கார வெச்சிடலாம்னு பாக்கறேன். பந்து வந்தா தள்ளிவிட்டுட்டுப் போக வேண்டியதுதானே. சடை பின்ற மாதிரி பின்னிக்கிட்டு நிக்கறா. மூணு ஆட்டம் போச்சு அவளால."

அவர் சொன்னது பொய்யில்லை. பம்பரத்தின் ஸ்டிக்கில் பந்து இருந்தால் பார்க்க அழகுதான். எதிராளி எந்தக் காலை ஊன்றுகிறாள் என்று பார்த்து, மறுபக்கம் நழுவிவிடுவாள். ஆனால் அதே வித்தையை எங்கள் கோலுக்குப் பக்கத்தில் காட்டப்போய்ப் பறிகொடுப்பாள். பறித்தவளுக்கும் கோலுக்கும் நடுவில் அண்ணி மட்டும் நிற்பாள். பருவத்தின் கடைசி ஆட்டம் வரும் சனிக்கிழமை, பஸ் டிப்போ அணியோடு. சமன் செய்தால் முதல் பிரிவில் இருப்போம். தோற்றால் கீழே இறங்க வேண்டும்.

அண்ணி நூலைப் பல்லால் கடித்தாள். "அவ பின்னலேன்னா நமக்கு யாரு கோல் போடறது? நீங்களா?"

குரல் கரகரவென்று வந்தது. தொண்டையைப் பார்த்தேன். சிவந்திருந்தது. உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் சொன்னேன், இரண்டு நாள் வாயைத் திறக்கக் கூடாது என்றேன். "வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார்," என்று கிசுகிசுத்தாள்.

அந்த இரண்டு நாளும் மாலைப் பயிற்சியில் அண்ணி ஊமையாக நின்றாள். இரண்டு நாளும் பம்பரம் பின்னினாள், சுழன்றாள், பந்தை ஒருமுறைகூடக் கோலடியில் விடவில்லை. மூன்றாம் நாள் குரல் திரும்பியது. பம்பரம் ஒருத்தியை ஏய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, "விடுடி" என்று ஒரு சத்தம். பந்து போய்விட்டது.

அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏன் விட்டே?"

"நீங்கதானே விடச் சொன்னீங்க."

"தட்டி விடச் சொன்னேன். அவ கையில குடுக்கச் சொல்லல."

"உங்க குரல் கேட்டா எனக்குக் கை நின்னுடும் அண்ணி. அடுப்ப அணைன்னா அணைப்பேன், குழாய மூடுன்னா மூடுவேன். எதுக்குன்னு யோசிச்சா பாக்கறேன்? பாதி வேலையில கை நின்னா பந்து நிக்குமா?"

"இத்தன நாளா இதச் சொல்ல வாய் இல்லையா?"

"சொன்னா அதுக்கும் கத்துவீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. போன மூன்று ஆட்டங்களிலும் பந்து போன ஒவ்வொரு தடவையும் தான் கத்தியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு டிரைவரிடம் போனாள். "சனிக்கிழமை அவ ஆடட்டும். மத்தவங்களுக்குக் கத்தறேன். அவகிட்ட பந்து இருந்தா வாயத் திறக்க மாட்டேன்."

"கத்தாத கோல்கீப்பருக்குப் பதிலா ஒரு கம்பத்த நட்டுடலாம்மா."

"கம்பம் மூட்ட புடிக்காது."

டிரைவர் அரை மனதாகச் சம்மதித்தார். கோல் முன்னால் வரைந்திருக்கும் அரைவட்டத்துக்குள் வித்தை கூடாது என்று பம்பரத்திடமும் வாக்கு வாங்கினார். "உன்னால ஒரு கோல் விழுந்தாலும் வெளிய எடுத்துடுவேன். அப்புறம் வீட்டோட சேந்து என்னை முறைக்கக் கூடாது."

விழுந்தது. முதல் பாதி முடியும் நேரம், அதே அரைவட்டத்துக்குள், வாக்கை மறந்து பம்பரம் ஒருத்தியை ஏய்க்கப் போனாள். பஸ் டிப்போ அணியில் ஆடும் டிக்கெட் பரிசோதகி பந்தைப் பறித்து அடித்தாள். அண்ணி பாய்ந்தாள், எட்டவில்லை. அதுவரை பம்பரத்திடம் பந்து இருந்தபோதெல்லாம் அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

இடைவேளையில் டிரைவர் மாற்று ஆட்டக்காரியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அண்ணி பேடோடு தத்தித் தத்தி வந்தாள்.

"அண்ணே, வேணாம்."

"பேச்சுன்னா பேச்சா இருக்கணும்மா."

"இருக்கட்டும். இது முழுசா அவ பண்ணின தப்பு. நான் கத்தி வந்த தப்ப அவ எப்படித் திருத்துவா? இத அவ திருத்துவா. கேட்டுப் பாருங்க."

டிரைவர் திரும்பினார். "என்ன பண்ணினே?"

பம்பரம் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். "அவ காலப் பாத்தேன், ஸ்டிக்கப் பாக்கல. அவ ஸ்டிக் நீளம். தூரத்துலேருந்தே எட்டுது."

"மறுபடி பண்ணுவியா?"

"நம்ம கோல்கிட்ட பண்ண மாட்டேன். நடுவுல பண்ணுவேன்."

மாற்று ஆட்டக்காரி மறுபடி உட்கார்ந்தாள். அவளுக்கும் நிம்மதிதான், புது ஷூ கடித்துக்கொண்டிருந்தது. நான் பஞ்சு வைத்துவிட்டேன்.

இரண்டாம் பாதியில் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பம்பரத்துக்குப் பந்து கிடைத்தது. முதலில் ஒருத்தி வந்தாள், பிறகு பரிசோதகி வந்தாள். அந்த நீளமான ஸ்டிக் தரையைத் தொடும்வரை காத்திருந்து, அதன்மேலேயே பந்தைத் துள்ள வைத்து அந்தப் பக்கம் போனாள் பம்பரம். மூன்றாமவள் வருவதற்குள் பந்தை வலப்பக்கம் தள்ளினாள். எங்கள் மருந்தகப் பெண் அங்கே தனியாக நின்றிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன் என்று அவளே பிறகு சொன்னாள். கோல்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். டிப்போக்காரிகள் மொத்தமாக எங்கள் பக்கம் இறங்கினார்கள். அண்ணி காலாலும் கையாலும் தடுத்தாள், ஒன்றை வயிற்றில் வாங்கினாள். ஆட்டம் முடியப் போகும் நேரம் பந்து உருண்டு, அரைவட்டத்தின் விளிம்பில் பம்பரத்திடம் வந்தது. இரண்டு பேர் அவளை நோக்கி ஓடினார்கள். இடையில் ஓர் ஆள் நுழையும் அளவு இடம் இருந்தது. பம்பரம் அந்த இடத்தைப் பார்த்தாள், எனக்கே தெரிந்தது. அண்ணியின் வாய் ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் திறந்தது. சத்தம் வருமுன் கையுறை போட்ட கையால் அந்தக் கம்பியைப் பொத்திக்கொண்டாள்.

பம்பரம் ஓரக்கோட்டைப் பார்த்து ஓங்கி ஓர் அடி அடித்தாள். அழகே இல்லாத அடி. பந்து வேலியைத் தாண்டிப் புதருக்குள் போனது. தேடி எடுத்து வருவதற்குள் நடுவருக்கே அலுத்துவிட்டது. பந்தை மறுபடி உள்ளே அடித்ததும் ஆட்டம் முடிந்த விசில்.

டிரைவர் சமனுக்குக் கைதட்டுகிறவர் இல்லை. "புதர்ல அடிக்க யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"யாரும் சொல்லலண்ணே. அதான் அடிச்சேன்."

மறுநாள் காலை அண்ணிக்கும் பம்பரத்துக்கும் ஆறு மணி வேலை. ஆட்டத்தில் அடிபட்ட பம்பரத்தின் கணுக்கால் வீங்கியிருந்தது. ஒரு முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக் கட்டுப் போட்டேன். உட்கார்ந்தபடி தலையணை உறைகளை மடித்தாள். அவள் பங்கு ஆபரேஷன் துணிகளையும் அண்ணியே இயந்திரத்தில் போட்டாள், புலம்பிக்கொண்டே. டிரைவர் ஆம்புலன்ஸுக்கு விரிப்பு எடுக்க வந்தார்.

"கால் சரியானதும் பயிற்சிக்குச் சீக்கிரமா வா. அந்த நீள ஸ்டிக்க கோலடியில எப்படித் தாண்டறதுன்னு பாக்கலாம்."

"அங்கதான் கூடாதுன்னீங்களே."

"தெரிஞ்சுக்கிட்டு பண்ணாம இரு."

பம்பரம் சரி என்றாள். டிரைவரும் அண்ணியும் விரிப்புகளைச் சுமந்துகொண்டு வண்டிக்குப் போனார்கள்.