வினிகர் ராக்கெட்டும் கற்பூரத் தட்டும்

வேதியியல் நடத்துகிறவர்கள் மேல் எப்போதும் ஏதாவது ஒரு வாடை அடித்துக்கொண்டே இருக்கும். என் மேல் அடிப்பது வினிகர். கரும்பலகையில் சமன்பாடு எழுதிவிட்டுத் திரும்பினால் பாதி வகுப்பு கொட்டாவி விடுவதைப் பார்த்து நொந்துபோன சக ஆசிரியர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருவண்ணாமலையில் எட்டாம் வகுப்புக்கு ராக்கெட் விட்டே வேதிவினை நடத்துவது என்று ஒரு நாள் முடிவெடுத்தேன்.

மூட்டை வந்தது

ஆளுக்கு ஒரு காலி தண்ணீர் பாட்டில் கொண்டுவரச் சொன்னேன். அன்று பௌர்ணமி என்பது எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலை, அடி அண்ணாமலையிலிருந்து வரும் கோகிலா, கிரிவலப் பாதையில் பக்தர்கள் வீசிப்போனதையெல்லாம் பொறுக்கி இரண்டு சாக்கில் கட்டிக்கொண்டு அப்பாவின் மொபெட்டில் வந்து இறங்கினாள். வாசலில் நின்ற தலைமை ஆசிரியை மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் டீச்சர், இது ஸ்கூலா, காயலாங்கடையா?"

டீ கிளாஸ்

ராக்கெட் ஒன்றும் பிரமாதமில்லை. பாட்டிலில் வினிகர், காகிதத்தில் பொட்டலம் கட்டிய சமையல் சோடா, வாயில் ஒரு கார்க். தலைகீழாக நிறுத்தினால் உள்ளே கார்பன் டை ஆக்சைடு பொங்கி, கார்க்கைத் தள்ளிவிட்டுப் பாட்டில் மேலே போகும். போக வேண்டும். எங்கள் முதல் ராக்கெட் சாய்ந்து விழுந்து, நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குள் பாய்ந்து, மேஜைமேல் இருந்த டீ கிளாஸைத் தட்டிவிட்டது. பிள்ளைகள் வேறு கைதட்டித் தொலைத்தார்கள். அவர் புடவையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கல்வி ஆபீசர் வர்றாரு. அவர் முன்னாடி ஒழுங்கா மேல போச்சுன்னா வச்சுக்கோங்க. இல்லன்னா இதோட நிறுத்திட்டு புக்க நடத்துங்க."

அபசகுனம்

வெள்ளிக்கிழமை நான் ஆபீசரை அழைத்துவருவதற்குள் பிள்ளைகள் பாட்டிலுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எதிரே கற்பூரத் தட்டும் ஏற்றிவிட்டார்கள். சைக்கிள் வாங்கினாலே பூஜை போடும் ஊர். ராக்கெட்டைச் சும்மா விடுவார்களா? சோடாவைப் போட்டு, கார்க் அடைத்து, தட்டுக்குப் பக்கத்தில் தலைகீழாக நிறுத்தினார்கள். 'புஸ்' என்றது. பாட்டில் அசையவில்லை. கற்பூரம் அணைந்துவிட்டது.

தீபத்துக்குப் பேர்போன ஊரில் இது சாதாரண விஷயமா? பிள்ளைகள் முகம் செத்துவிட்டது. ஆபீசரே "அபசகுனமா இருக்கே" என்று முணுமுணுத்தார். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையில் என் ராக்கெட் வகுப்பு முடிந்துபோனது தெரிந்தது.

கோகிலா மட்டும் குனிந்து பார்த்துவிட்டு ஆபீசரிடம் சொன்னாள்: "அபசகுனம்லாம் இல்ல சார், கார்க் லூசு. கேஸ் லீக்காவுது. கார்பன் டை ஆக்சைடு பட்டா நெருப்பு அணைஞ்சிடும் சார்." வகுப்பில் வாயே திறக்காத பெண். அவளே வேறு பாட்டிலை எடுத்து, கார்க்கை இறுக்கி அடைத்து நிறுத்தினாள். எல்லோரும் தள்ளி நின்றோம். 'டப்!' வேப்பமரத்தைத் தாண்டிப் போனது. பள்ளியே கத்தியது. தலைமை ஆசிரியையும் கைதட்டினார்; நான் என் கண்ணால் பார்த்தேன். ஆபீசர் கோகிலாவிடம் கெஞ்சினார்:

"இன்னொன்னு விடும்மா, போட்டோ எடுக்க மறந்துட்டேன்."

ஆக, நான் பத்து நாள் கத்தியும் ஏறாத பாடம் ஒரு கற்பூரம் அணைந்ததில் ஏறியிருக்கிறது. பாராட்டுப் பத்திரம் எனக்கா, கற்பூரத்துக்கா என்பதை மேலிடமே முடிவு செய்துகொள்ளட்டும்.