அக்கா பெயரில் எழுதப்பட்ட என் தவறு

அக்காவின் முதலாண்டு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அக்காவின் நண்பர்களுக்கும் வணக்கம். என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதனால் எழுத்துப் பிழையும் நிறைய வரும். நோட்டில் எழுதியதைப் படித்துத் திருத்தித் தருவதாகக் குடியாத்தம் அச்சகத்துக்காரர் சொன்னார். எழுத்தைத் திருத்துங்கள், விஷயத்தை மட்டும் மாற்றாதீர்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். அதையும் மீறிப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. வந்திருந்தால் இதைப் போன வருடமே சொல்லியிருப்பேன்.

அக்கா பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், கூலி வேலை செய்யும் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். அப்பா இறந்தபோது அக்கா ஒன்பதாவது, நான் ஐந்தாவது. அம்மா பீடி சுற்றினார். நான் படிப்பை நிறுத்தினேன், அக்கா நிறுத்தவில்லை. அக்காவுக்காக நான் படிப்பை விட்டேன் என்று சில உறவினர்கள் சொல்வதுண்டு. அது உண்மையில்லை. வாத்தியார் கேள்வி கேட்டாலே முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். பள்ளிக்கூடம் நின்றதில் எனக்கு நிம்மதிதான். பிறகு வயது வந்ததும் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், தோலைப் பதப்படுத்தும் டிரம்மில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அதே வேலைதான்.

அக்கா வேலூரில் கல்லூரி முடித்து, தேர்வு எழுதி, டெல்லியில் வெளியுறவுத் துறையில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கிருந்து தூதரக வேலைக்கு வெளிநாடு போனார். மூன்று வருடத்துக்கு ஒரு நாடு. ஒரு நாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிவதற்குள் அடுத்த நாட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டும் என்பார். பார்த்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் அந்த ஒரு காரணத்தைச் சொல்லியே விலகினார்கள். அம்மா இறந்தபோது அக்கா வந்து சேர மூன்று நாள் ஆனது. முகம் பார்க்கவில்லை. நம் ஊரில் தூதரகம் என்றால் விசா கொடுக்கிற இடம் என்று நினைப்பு. விடுமுறைக்கு வந்தால் வாசலில் பயோடேட்டாவோடு பத்துப் பேர் நிற்பார்கள். "என் கையில ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லியே அக்காவின் விடுமுறை முடிந்துவிடும்.

அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. அவர் வைத்திருந்தது ஊழியர்களுக்கான வெள்ளை அட்டை பாஸ்போர்ட். அதிகாரியானால் கருஞ்சிவப்பு அட்டை கிடைக்கும். அதற்கான துறைத் தேர்வை இரண்டு முறை எழுதித் தோற்றார். மூன்றாம் முறை தேறினார். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று சொன்ன அன்று, அவர் சிறு பிள்ளை போலச் சிரித்ததைப் போனில் கேட்டேன்.

அப்போது அவர் ஒரு வளைகுடா நாட்டில் இருந்தார். அங்கே இறந்துபோகும் நம் தொழிலாளர்களின் உடலை ஊருக்கு அனுப்பும் பிரிவு அவருடையது. காலையில் பிணவறைக்குப் போய், பாஸ்போர்ட்டில் இருக்கும் முகமும் படுத்திருக்கும் முகமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பிறகு போலீஸ் காகிதம், மருத்துவமனை காகிதம், கம்பெனி காகிதம். சில நாள் மாலையில் தூதரகத்தில் விருந்து நடக்கும். வாசலில் நின்று பெயர்ப் பட்டியல் பார்த்து விருந்தினரை உள்ளே அனுப்புவதும் அக்காதான். "காலையில பொணம், சாயந்திரம் பட்டுப்பொடவ. நடுவுல குளிக்க அரை மணி நேரம்டா" என்று ஒரு முறை சொன்னார்.

இறந்தவர் நம் பக்கத்து ஆளாக இருந்தால் அக்கா எனக்குப் போன் செய்வார். அரசாங்கக் காகிதம் வருவதற்குள் யாராவது செல்போனில் கண்டபடி சொல்லிவிடுவார்கள், முகம் பார்த்து ஒரு மனிதன் போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். எப்படிச் சொல்வது என்றும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

"உடம்பு சரியில்ல, சீரியஸ்னு எல்லாம் சுத்தி வளைக்காத. அந்தம்மாவ உக்கார வெச்சு, இறந்துட்டாருன்னே சொல்லிடு."

"நான் எப்படிக்கா? எனக்கு வாய் வராதே."

"அதனாலதான்டா உன்ன அனுப்புறேன். நீ ஜாஸ்தி பேச மாட்ட."

அப்படி ஐந்து வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஐந்திலும் சொன்னேன்.

ஆறாவது வீடு பேரணாம்பட்டில். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டுப் போனால் வாசலில் பந்தல் போட்டு வாழைமரம் கட்டியிருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. என்னைப் பார்த்ததும் பட்டுப்புடவையோடு ஓர் அம்மா வந்தார். அவர் கணவர் பெயரைச் சொல்லி, "அவரு விஷயமா வந்தேன்" என்றேன்.

"அவரு அனுப்பினாரா? நேத்துலேர்ந்து போனே எடுக்கல. உங்கள அனுப்பிட்டுத்தான் எடுக்காம இருக்காரா? உள்ள வாங்க!"

பந்தலில் இருந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பார்த்தார். "இன்னாப்பா, வெளிநாட்டுலேர்ந்து வெறுங்கையோட வர்ற? சென்ட்டு பாட்டில் எங்க?" எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா, "மாமா, சும்மா இருங்க. மொதல்ல சாப்பிடட்டும்" என்று இலை போட்டார். நான் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். அந்தப் பெண்ணைக் கூட்டி வந்து, "அப்பாவோட தோஸ்த்து, விழுந்து கும்பிடு" என்றார்கள். அரிசி தூவி ஆசீர்வாதம் செய்தேன்.

இந்த ஒரு நாள் போகட்டும், காலையில் வந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதுதான் நான் நினைத்தது. வேறு காரணம் எதுவும் கிடையாது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அக்கா கூப்பிட்டார்.

"சொல்லிட்டியா?"

"ம்."

"என்ன சொன்னாங்க?"

"அழுதாங்க."

"உடம்ப ஊருக்கே அனுப்பச் சொல்றாங்களா?"

"ஆமாக்கா."

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அக்கா அதை நம்பி, குடும்பத்துக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். தெருமுனையிலேயே அழுகுரல் கேட்டது. இறந்தவரோடு தங்கியிருந்த யாரோ, பிணவறையில் எடுத்த போட்டோவை முந்தைய மாலையே உறவினர் ஒருவரின் செல்போனுக்கு அனுப்பியிருந்தார்கள். பந்தல் பிரிக்காத வீட்டில் அது கைமாறிக் கைமாறிப் பார்க்கப்பட்டிருக்கிறது. நான் உள்ளே போகவில்லை. அதே பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அந்தக் குடும்பம் புகார் கொடுத்தது. எங்களிடம் சொல்லாமலே சொன்னதாகப் பொய் எழுதியிருக்கிறார்கள், அன்று நாங்கள் வீட்டில் விசேஷம் நடத்திக்கொண்டிருந்தோம் என்றார்கள். அது நியாயம்தான். அக்கா எனக்குப் போன் செய்தார்.

"நீ அந்த வீட்டுக்குப் போனியா?"

"போனேன்க்கா."

"அங்க என்ன விசேஷம்?"

"பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி."

அக்கா, "சரி, வை" என்றார். திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பதவி உயர்வோடு அக்காவுக்கு ஐரோப்பாவில் பனி பெய்கிற ஒரு நகரத்துக்கு மாற்றல் வருவதாக இருந்தது. அதற்காக முழங்கால் வரை வரும் பூட்ஸ் ஒன்று தைத்துத் தரச் சொல்லியிருந்தார். தொழிற்சாலை நண்பரிடம் சொல்லித் தைக்கக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அக்கா பேசியபோது, "பூட்ஸ் அனுப்ப வேணாம்டா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டு முகவரியையும் அக்கா எனக்குக் கொடுக்கவில்லை. வாரா வாரம் வந்த போன் மாதத்துக்கு ஒன்றானது. சாப்பிட்டாயா, பிள்ளைகள் படிக்கிறார்களா, அவ்வளவுதான்.

அந்த வெயிலில், அதே பிரிவில், அதே வெள்ளை பாஸ்போர்ட்டோடு இன்னும் இரண்டு வருடம் இருந்தார். போன வருடம் ஒரு வாரக் கடைசி விடுமுறையில், தனியாக இருந்த வீட்டில் மாரடைப்பால் காலமானார். அலுவலகம் திறந்த நாளில் வேலைக்கு வரவில்லை என்று போய்க் கதவை உடைத்திருக்கிறார்கள். உடன் பணிபுரிந்த கேரளத்து அன்பர் எனக்குப் போன் செய்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். அவரே உடலோடு சென்னைக்கு வந்தார். ஆம்புலன்ஸில் வரும்போது என்னிடம் பேசினார்.

"விசாரணையில மேடத்துக்கிட்ட, யார் மூலமா சொன்னீங்கன்னு மூணு தடவ கேட்டாங்க. அதுக்கு மேடம், நானேதான் போன் செஞ்சேன், நம்பர் மாறிப்போச்சு, எடுத்தவங்க பேச்சை நம்பிட்டேன்னு எழுதிக் குடுத்தாங்க. அதுலதான் பிரமோஷன் போச்சு. மேடம் அப்படி ஏமாறுற ஆள் இல்ல சார். யாரையோ காப்பாத்தியிருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன்.

பாலாற்றங்கரையில் கொள்ளிக்குடம் தோளில் இருக்கும்போது ஆம்புலன்ஸில் கூட வந்த உறவினர் ஒருவர் பின்னால் சொன்னது காதில் விழுந்தது. "என்ன படிச்சு இன்னா? ஒரு போன் ஒழுங்கா பண்ணத் தெரியல, வேலையில கோட்ட விட்டுட்டா." இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். நான் குடத்தோடு சுற்றி வந்தேன்.

போன மாதம் பேரணாம்பட்டுக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"அன்னிக்கி எடுத்த போட்டோ எல்லாம் இருக்குது. எல்லாத்துலயும் நான் பல்லு தெரிய சிரிக்கிறேன். எங்க ஊட்டுக்காரு செத்து ஒரு நாளு ஆயிருக்குது, நான் சிரிக்கிறேன். எம் பொண்ணு அந்தப் படத்த ஒண்ணுகூட பாக்க மாட்டேங்குறா. உனக்கு இன்னாய்யா, சாப்ட்டுட்டு போய்ட்ட."

அவர் பீடித் தட்டைக் கீழே வைத்தார்.

"உங்க அக்கா எனக்குப் போன் பண்ணாங்க. தப்பு என்னுதும்மான்னாங்க. நான் அவங்கள பேசாத பேச்சு இல்ல. ஒனக்கும் இப்படித்தான் சாவு வரும்னு சொன்னேன். ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல. கேட்டுக்கினே இருந்தாங்க." தட்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு, "வாய மூடிக்கினு அவங்கள திட்டு வாங்க வெச்சியே. போ. இனிமே இந்த வாசலுக்கு வராத" என்றார்.

திரும்பி வந்துதான் எழுத உட்கார்ந்தேன்.

அக்காவின் உடலை ஊர் சேர்த்த கேரளத்து அன்பருக்கும், காகித வேலைகளை ஒரே நாளில் முடித்துக் கொடுத்த அவரது அலுவலகத்தாருக்கும், சென்னையிலிருந்து சோறு தண்ணீர் இல்லாமல் வண்டி ஓட்டி வந்த ஓட்டுநருக்கும், பந்தலிலிருந்து பதினாறாம் நாள் வரை கூட நின்ற ஊராருக்கும், எனக்கு லீவு கொடுத்த மேஸ்திரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்பரே, உங்களிடம் தெரியாது என்று சொன்னேன். தெரியும். நான்தான்.

சுடுகாட்டில் பேசியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சொல்லாததால்தான் நீங்கள் அப்படிப் பேசினீர்கள். அக்கா வேலையில் எந்தத் தவறும் செய்யவில்லை. இனி யாராவது அப்படிச் சொன்னால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அக்கா உயிரோடு இருந்தபோது இதை எழுதி அந்த அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால் அவருக்குப் பதவி கிடைத்திருக்கும். அந்த வெயிலிலிருந்து தப்பியிருப்பார். அதற்கு எனக்கு இரண்டு வருடம் இருந்தது. இப்போது எழுதுவதால் அவருக்கு ஒன்றும் இல்லை.

தம்பி,
மாசி மாதம் பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை.